முதலாளி சீமையில்! சட்டம் நம் ஊரில்!

வெளிநாட்டுக் கம்பெனி வேலை வீடு தேடி வந்தால், கவனிக்க வேண்டியவை என்ன?

முதலாளி அமெரிக்காவில் இருக்கிறார். அவரிடம் வேலை பார்க்கும் பெண் தஞ்சாவூரில் இருக்கிறார்.

இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது இல்லை. அந்தப் பெண் விமானத்தில் ஏறியதும் இல்லை. வீட்டு மாடியில் ஓர் அறை. அறையில் ஒரு மேசை. மேசை மீது ஒரு கம்ப்யூட்டர். அதுதான் ஆபீசு! மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட வேலைகள் இப்போது பெருகி வருகின்றன. "என் மகளுக்கு அமெரிக்கக் கம்பெனியில் வேலை. ஆனால், வீட்டிலேதான் இருக்கிறாள்" என்று பெருமையோடு சொல்லும் பெற்றோர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால், சில கேள்விகளும் இருக்கின்றன.

நாளைக்கே அந்தக் கம்பெனி "வேலை முடிந்தது" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பிரசவத்துக்கு லீவு எடுத்தால், சம்பளம் கிடைக்குமா? தகராறு என்று வந்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? தஞ்சாவூருக்கா? நியூயார்க்குக்கா?

இதற்குப் பல நாடுகள் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்.

"வேலை எந்த மண்ணில் நடக்கிறதோ, அந்த மண்ணின் சட்டத்துக்கு முதலாளி அடங்கி நடக்க வேண்டும்."

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, அல்லவா? ஆனால், இந்தச் சிறிய பாடத்தைப் படிப்பதற்குள் பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் திண்டாடிப் போயிருக்கின்றன! அந்தக் கதைகளை முதலில் பார்ப்போம். பிறகு, நம் வீட்டுக்கு வருவோம்.

காதலுக்குத் தடை!

வால்மார்ட் என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய கடைக் கம்பெனி. உப்பு முதல் சைக்கிள் வரை ஒரே கடையில் விற்பார்கள்.

இந்தக் கம்பெனி 1997-ம் ஆண்டில் ஜெர்மனிக்குள் நுழைந்தது. முதலில் 21 கடைகளை விலைக்கு வாங்கியது. மறு ஆண்டில் மேலும் 74 கடைகளை வாங்கியது. வேலை செய்தவர்கள் ஜெர்மானியர்கள். ஆனால், நடைமுறைகளை அமெரிக்காவில் இருந்து கொண்டு வந்தார்கள்.

2005-ம் ஆண்டில், ஊழியர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கம்பெனி ஒரு விதிப் புத்தகம் வெளியிட்டது. அதில் ஒரு விதி வேடிக்கையானது. கடையில் வேலை செய்யும் ஒருவர், தன் வேலையைப் பாதிக்கக் கூடிய நிலையில் உள்ள இன்னொருவரைக் காதலிக்கக் கூடாதாம்! இன்னொரு விதி: யாராவது தப்புச் செய்தால், மற்றவர்கள் டெலிபோனில் சொல்லிவிட வேண்டுமாம்!

ஜெர்மனியில் ஒரு சட்டம் உண்டு. ஓர் இடத்தில் 5 பேர் நிரந்தரமாக வேலை செய்தாலே, அவர்கள் தங்களுக்குள் ஒரு "ஊழியர் குழு"வைத் தேர்ந்தெடுக்கலாம். வேலை செய்யும் இடத்தில் இப்படி நட, அப்படி நட என்று விதி போடுவதானால், முதலாளி அந்தக் குழுவின் சம்மதத்தைப் பெற வேண்டும்.

வால்மார்ட் கம்பெனி குழுவின் சம்மதத்தைப் பெறவில்லை. ஊழியர் குழு கோர்ட்டுக்குப் போனது.

2005 ஜூன் மாதம், வுப்பர்டால் நகரத் தொழிலாளர் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. விதிகளில் பல செல்லாது! கம்பெனி மேல் கோர்ட்டுக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில், டுசல்டார்ப் கோர்ட்டும் காதல் தடையை அடித்துத் தள்ளியது. "மனிதனின் சொந்த வாழ்க்கையில் தலையிட முதலாளிக்கு உரிமை இல்லை" என்பது தீர்ப்பின் சாரம்.

2006-ம் ஆண்டில் வால்மார்ட் தன் 85 கடைகளையும் விற்றுவிட்டு, ஜெர்மனியை விட்டே வெளியேறியது. நஷ்டம், சுமார் 100 கோடி டாலர்!

இதற்குத் தொழிலாளர் சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கடைப் போட்டியும் கடுமையாக இருந்தது. ஆனாலும், "எங்கள் ஊர் வழக்கம் எல்லா ஊருக்கும் பொருந்தும்" என்று நினைத்து வந்தவர்களுக்கு அது ஒரு பெரிய பாடம்.

வானத்தில் பறப்பவருக்கு எது சொந்த மண்?

கடை என்றால் தரையில் இருக்கிறது. எந்த நாடு என்பதில் சந்தேகம் இல்லை. விமானத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எந்த நாட்டு மண்?

இப்படி ஒரு விசித்திர வழக்கு ஐரோப்பாவில் நடந்தது.

ராயன்ஏர் என்பது அயர்லாந்து நாட்டு விமானக் கம்பெனி. பெல்ஜியம் நாட்டில் சார்லருவா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள விமான நிலையத்தில் இருந்தும் ராயன்ஏர் விமானங்கள் புறப்படும். அந்த விமானங்களில் வேலை செய்ய போர்ச்சுகல், ஸ்பெயின், பெல்ஜியம் நாடுகளைச் சேர்ந்தவர்களை எடுத்தார்கள்.

அவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தது. "உங்கள் வேலை அயர்லாந்தில் நடப்பதாகக் கருதப்படும். விமானங்கள் அயர்லாந்தில் பதிவானவை. தகராறு வந்தால் அயர்லாந்துக் கோர்ட்டுக்கே போக வேண்டும்" என்பது ஒப்பந்தத்தின் கருத்து. சம்பளமும் அயர்லாந்து பாங்குக் கணக்குக்குத்தான் போகும்.

ஆனால், நடந்தது என்ன? காலையில் அவர்கள் சார்லருவாவில் விமானம் ஏறுவார்கள். வேலை முடிந்ததும் சார்லருவாவுக்கே திரும்புவார்கள். விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத்தில் வந்து சேரும் தூரத்தில் குடியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

2011-ம் ஆண்டில் 6 ஊழியர்கள் பெல்ஜியம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். "இந்த வழக்கை விசாரிக்கப் பெல்ஜியம் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை" என்று கம்பெனி வாதாடியது.

வழக்கு ஐரோப்பிய யூனியனின் உயர்ந்த கோர்ட்டு வரை போனது. 2017 செப்டம்பர் 14-ந் தேதி தீர்ப்பு வந்தது.

"ஊழியர் வழக்கமாக எந்த இடத்தில் இருந்து வேலை செய்கிறாரோ, அந்த இடத்துக் கோர்ட்டுக்கு அவர் போகலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி வைத்து, அந்த உரிமையைப் பறிக்க முடியாது. விமானம் எந்த நாட்டில் பதிவானது என்பதை வைத்து, வேலை செய்யும் இடத்தை முடிவு செய்துவிடக் கூடாது" என்பதே தீர்ப்பின் கருத்து.

எந்த நாட்டுச் சட்டம் என்பதற்கும் ஐரோப்பிய யூனியனில் ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டத்தை எழுதினாலும் சரி. ஊழியர் வழக்கமாக வேலை செய்யும் நாட்டின் சட்டம் தரும் கட்டாயப் பாதுகாப்புகளை அழிக்க முடியாது.

எழுதப்படாத சட்டம்!

சில நாடுகளில் இன்னொரு விதமான சிக்கல் உண்டு. சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. ஊர் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும்!

சுவீடன் நாட்டில், குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு என்று சொல்லும் சட்டம் கிடையாது. "ஆகா, நமக்கு வசதி!" என்று வெளிநாட்டு முதலாளி நினைக்கலாம். ஆனால், அங்கே சம்பளத்தை முடிவு செய்வது தொழிற்சங்கங்களுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம். 10 தொழிலாளர்களில் சுமார் 9 பேர் இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குள் வருகிறார்கள்.

அமெரிக்காவின் டெஸ்லா மோட்டார் கம்பெனி, சுவீடனில் கார் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்புகள் வைத்திருக்கிறது. தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட அந்தக் கம்பெனி மறுத்தது. 2023 அக்டோபர் 27-ந் தேதி மெக்கானிக்குகள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள்.

அதோடு நிற்கவில்லை. துறைமுகத் தொழிலாளர்கள் டெஸ்லா கார்களை இறக்க மறுத்தார்கள். தபால் ஊழியர்கள், புதுக் கார்களின் நம்பர் பலகைகளைக் கொண்டு போய்க் கொடுக்க மறுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கடந்த பிறகும் அந்தத் தகராறு ஓயவில்லை.

உள்ளூர் ஆள் வேண்டாம் என்றால்?

"உள்ளூர் ஆளை வேலைக்கு வைத்தால்தானே இந்தத் தொல்லை? நம் ஊர் ஆட்களையே அழைத்துக்கொண்டு போய்விட்டால் என்ன?" என்று ஒரு முதலாளி யோசிக்கலாம்.

அதற்கும் சட்டம் இருக்கிறது! அழைத்து வரும் ஒவ்வொருவருக்கும், அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி தரும் சரியான விசா வேண்டும். சுற்றிப் பார்க்கவோ, வியாபாரம் பேசவோ வாங்கிய விசாவில் வந்து, தொழிற்சாலையில் வேலை செய்ய முடியாது.

2025 செப்டம்பர் 4-ந் தேதி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது இது. தென் கொரியாவைச் சேர்ந்த ஹூண்டாய், எல்.ஜி. ஆகிய கம்பெனிகள் சேர்ந்து அங்கே பாட்டரித் தொழிற்சாலை கட்டிக்கொண்டு இருந்தன. அமெரிக்க அதிகாரிகள் திடீரென்று அங்கே புகுந்தார்கள். 475 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 300-க்கு மேற்பட்டவர்கள் கொரியர்கள்! விசா விதிகளை மீறியவர்கள் அவர்களில் இருந்தார்கள் என்பது அதிகாரிகளின் குற்றச்சாட்டு.

ஒரு வாரம் கழித்து, கொரியாவில் இருந்து தனி விமானம் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. எல்லாரும் நல்ல தொழில் தெரிந்தவர்கள். ஆனால், தொழில் தெரிந்தால் மட்டும் போதாதே!

நம் நாட்டில் மூன்று வாசல்கள்!

இனி நம் நாட்டுக்கு வருவோம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம் ஊர் ஆளை வேலைக்கு வைக்க நினைக்கிறது. எந்த வழியில் வரலாம்? மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல்: சொந்த வீடு கட்டுவது போல.

வெளிநாட்டுக் கம்பெனி, இந்தியாவில் தன் பெயரில் ஒரு கிளைக் கம்பெனியை ஆரம்பிக்கிறது. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். பிரைவேட் கம்பெனி என்றால், குறைந்தது 2 டைரக்டர்கள் வேண்டும். டைரக்டர்களில் ஒருவராவது, ஆண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியவராக இருக்க வேண்டும்.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் கார் தொழிற்சாலை இதற்கு நல்ல உதாரணம். 1996-ம் ஆண்டில், கொரியாவின் ஹூண்டாய் கம்பெனி இந்தியாவில் தனிக் கம்பெனி தொடங்கியது. 1998-ல் முதல் கார் வெளியே வந்தது. முதலாளி கொரியர். ஆனால், அங்கே வேலை செய்கிறவருக்குச் செல்லுவது இந்தியச் சட்டம்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் உள்ள சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பரில் வேலை நிறுத்தம் நடந்ததும் பலருக்கு நினைவு இருக்கும். 37 நாள் நடந்தது. சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. விஷயம் சென்னை ஐகோர்ட்டு வரை போனது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. கம்பெனியின் தலைமை ஆபீசு கொரியாவில். சங்கம் பதிவானதோ தமிழ்நாட்டில்!

இரண்டாம் வாசல்: வாடகை வீடு போல.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு இந்தியாவில் 2 பேர்தான் தேவை. அதற்காக ஒரு கம்பெனியே தொடங்க முடியுமா? முடியாது.

ஆகவே, இங்கு ஏற்கனவே உள்ள ஓர் இந்தியக் கம்பெனியின் உதவியை நாடுகிறார்கள். அந்த இந்தியக் கம்பெனி அந்த 2 பேரையும் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ரூபாயில் சம்பளம் கொடுக்கும். வருமான வரி பிடிக்கும். சேமநிதி கட்டும். பிறகு, இந்தச் செலவோடு தன் கூலியையும் சேர்த்து வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பில் அனுப்பும்.

தினமும் வேலை சொல்லுகிறவர் வெளிநாட்டில். ஏட்டில் முதலாளி உள்நாட்டில். இதற்கு "எம்ப்ளாயர் ஆப் ரெக்கார்டு" என்று பெயர். "ஏட்டு முதலாளி" என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாம் வாசல்: கொத்தனாருக்குக் கான்டிராக்டு விடுவது போல.

"நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை. தனித் தொழில் செய்கிறவர். மாதா மாதம் பில் அனுப்புங்கள். பணம் அனுப்புகிறோம்" என்று வெளிநாட்டுக் கம்பெனி சொல்லுகிறது.

இதுவும் சட்டப்படி உள்ள வழிதான். உண்மையிலேயே தனித் தொழில் செய்கிறவருக்கு இது ஏற்றது. 4 கம்பெனிகளுக்குப் படம் வரைந்து கொடுக்கிறார்; தன் நேரம், தன் கருவி, தன் விலை. அப்படிப்பட்டவருக்குச் சரி.

தகராறு எங்கே வருகிறது? காலை 9 மணிக்கு வர வேண்டும். ஒரே கம்பெனிக்குத்தான் வேலை செய்ய வேண்டும். லீவு வேண்டும் என்றால் கேட்க வேண்டும். எல்லாம் ஊழியர் போலத்தான். ஆனால், காகிதத்தில் மட்டும் "கான்டிராக்டர்"! அங்கேதான் வம்பு.

உப்பளம் சொல்லும் பாடம்

காகிதத்தில் உள்ள பெயர் பெரிதா, நடக்கிற காரியம் பெரிதா?

1956-ம் ஆண்டிலேயே நம் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு வழி காட்டியிருக்கிறது. சவுராஷ்டிரா பகுதியில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற கம்பெனிக்கு உப்பளம் இருந்தது. உப்பு விளைவிக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்தி. வேலை நேரம் என்று ஒன்றும் இல்லை. குடும்பத்தோடு வேலை செய்வார்கள். தேவைப்பட்டால் கூலிக்கு ஆளும் வைத்துக்கொள்வார்கள். விளைந்த உப்பின் எடைக்குத் தகுந்த பணம்.

"இவர்கள் எங்கள் தொழிலாளிகள் இல்லை. தனிக் கான்டிராக்டர்கள்" என்றது கம்பெனி.

கோர்ட்டு அதை ஏற்கவில்லை. பாத்தி பிடிப்பதில் இருந்து உப்பு எடுப்பது வரை ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனி மேற்பார்வை செய்ததைக் கவனித்தது. "வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?" என்று பார்த்தது. "இவர்கள் தொழிலாளிகளே" என்ற முடிவு நிலைத்தது.

இங்கிலாந்திலும் இது போல ஒரு தீர்ப்பு வந்தது. அமெரிக்காவின் ஊபர் வாடகைக் கார் கம்பெனி, "டிரைவர்கள் தனித் தொழில் செய்கிறவர்கள்" என்று வாதாடியது. 2021 பிப்ரவரி 19-ந் தேதி, இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளியது. டிரைவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளத்தோடு லீவும் உண்டு என்றது. அங்கும் கோர்ட்டு பார்த்தது, நடைமுறையில் அதிகாரம் யாரிடம் என்பதைத்தான்.

ஊழியருக்கு என்ன லாபம்?

"பெயரில் என்ன இருக்கிறது? பணம் வந்தால் சரி" என்று சிலர் சொல்லலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சேமநிதி: பி.எப். என்று சொல்லுவது இதைத்தான். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்கு இது உண்டு. அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 12 பங்கு ஊழியர் பணம். அதே அளவு முதலாளியும் போட வேண்டும். 15,000 ரூபாய்க்குக் கணக்குப் பார்த்தால், முதலாளி பங்கு மட்டும் மாதம் 1,800 ரூபாய். அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகும். ஆண்டுக்கு 21,600 ரூபாய். கான்டிராக்டருக்கு இது கிடையாது.

பணிக்கொடை: கிராஜுவிட்டி என்பார்கள். 5 ஆண்டு வேலை செய்து விலகினால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் கிடைக்கும். ஒரு மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். மாதம் 26,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 15,000 ரூபாய். 5 ஆண்டுக்கு 75,000 ரூபாய்! இன்ன தேதி வரைதான் வேலை என்று காலம் குறித்து எடுக்கப்பட்டவர்களுக்கு, இப்போதைய சட்டப்படி ஓர் ஆண்டு வேலை செய்தாலே பணிக்கொடை உண்டு.

பிரசவ லீவு: முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்தோடு லீவு. அதற்கு முந்திய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். கான்டிராக்டர் என்று எழுதிக் கொடுத்த பெண்ணுக்கு? பில் அனுப்பாத மாதத்தில் பணம் இல்லை!

வேலை நீக்கம்: அமெரிக்காவில் மொன்டானா என்ற ஒரு மாநிலம் தவிர, மற்ற மாநிலங்களில் பொதுவாக முதலாளி காரணம் சொல்லாமலே ஆளை நிறுத்தலாம். அந்தப் பழக்கத்தில் ஊறிய முதலாளிக்கு நம் சட்டம் ஆச்சரியமாக இருக்கும். தமிழ்நாட்டில் கடைகளிலும் ஆபீசுகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1947-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத நோட்டீசு கொடுக்க வேண்டும். அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். விசாரணையில் குற்றம் நிரூபிக்கப்பட்டால்தான் நோட்டீசு தேவை இல்லை.

இவை போக, 2025 நவம்பர் 21-ந் தேதி நான்கு புதிய தொழிலாளர் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, ஊழியருக்கு வேலை உத்தரவை எழுத்தில் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்தை, அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு விலகினால், பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளில் தீர்க்க வேண்டும்.

கம்பெனிகள் ஏன் தயங்குகின்றன?

இவ்வளவு இருந்தும், வெளிநாட்டுக் கம்பெனிகள் பல மூன்றாம் வாசலையே ஏன் நாடுகின்றன?

ஒன்று, செலவு குறைவு. மற்றொன்று, வரி. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இந்தியாவில் நிலையான இடம் வைத்து வியாபாரம் செய்தாலோ, அதன் சார்பில் ஒருவர் இங்கு இருந்து தொடர்ந்து வியாபார ஒப்பந்தங்களை முடித்தாலோ, இங்கே சம்பாதித்த லாபத்துக்கு இந்தியாவில் வரி கட்ட நேரிடலாம். "ஒரு ஆளை வேலைக்கு வைக்கப் போய், வரி ஆபீசில் மாட்டிக்கொள்ள வேண்டுமா?" என்று பயப்படுகிறார்கள்.

எல்லாக் கம்பெனிகளும் ஏமாற்ற நினைக்கின்றன என்று சொல்ல முடியாது. பலருக்கு நம் சட்டம் தெரியாது. கேட்டால், "சரி, இரண்டாம் வாசல் வழியாக எடுத்துக்கொள்கிறோம்" என்று சம்மதிக்கிறவர்களும் உண்டு. கேட்பதில் தப்பே இல்லை.

கதவு இல்லாத வீடு!

ஒரு முக்கியமான விஷயத்தை மறந்துவிடக் கூடாது.

சட்டம் நம் பக்கம் இருக்கலாம். ஆனால், அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் ஆபீசு இல்லை, சொத்து இல்லை, ஆளும் இல்லை என்றால், யாரிடம் போய்க் கேட்பது? தீர்ப்பு வாங்கினாலும், அதைக் கொண்டு போய்ப் பணம் வாங்குவது எளிதான காரியம் இல்லை. உரிமை இருந்தும், தட்டுவதற்குக் கதவு இல்லாத நிலை!

முதல் வாசலுக்கும் இரண்டாம் வாசலுக்கும் உள்ள பெரிய பலம் இதுதான். சம்பளம் நின்றால் நோட்டீசு அனுப்ப, இந்தியாவிலேயே ஒரு முகவரி இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன்...

வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்த 8 கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

1. ஒப்பந்தத்தில் "ஊழியர்" என்று எழுதியிருக்கிறதா, "கான்டிராக்டர்" என்று எழுதியிருக்கிறதா?

2. சம்பளம் கொடுக்கப் போவது யார்? அந்தக் கம்பெனியின் பெயர் என்ன? அது இந்தியாவில் பதிவானதா? பதிவான கம்பெனிகளின் விவரத்தை மத்திய சர்க்காரின் கம்பெனி விவகார இலாகா இணையதளத்தில் பார்க்கலாம்.

3. பி.எப். உண்டா? கணக்கு நம்பர் எப்போது கிடைக்கும்? மாதா மாதம் பணம் கட்டுகிறார்களா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

4. வேலை நேரம் எது? நம் பகலா, அவர்கள் பகலா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

5. பண்டிகை லீவு எந்த நாட்டுக் கணக்கு? பொங்கலுக்கு லீவு உண்டா?

6. வேலையை விட்டு நிறுத்துவதானால், எத்தனை நாள் நோட்டீசு?

7. தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர்க் கோர்ட்டு என்று எழுதியிருக்கிறது?

8. வருமான வரியை யார் பிடிக்கிறார்கள்? கான்டிராக்டர் என்றால், வரியை நீங்களே கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால், ஜி.எஸ்.டி. பதிவும் தேவைப்படும்.

இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வராவிட்டால், கொஞ்சம் யோசியுங்கள். வேலை தருவதற்கு முன்னால் "டெபாசிட் கட்டு, கம்ப்யூட்டருக்குப் பணம் அனுப்பு" என்று கேட்டால், யோசிக்கவே வேண்டாம். விலகிக்கொள்ளுங்கள்.

கான்டிராக்டு வேலைதான் கிடைக்கிறது என்றாலும், அதற்காக வேண்டாம் என்று தள்ள வேண்டியது இல்லை. ஆனால், கூலி பேசும்போதே பி.எப்., லீவு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் மனதில் வைத்துப் பேசுங்கள். மாதச் சம்பளக்காரர் 30,000 ரூபாய் வாங்குவதும், கான்டிராக்டர் 30,000 ரூபாய் வாங்குவதும் ஒன்று ஆகாது. வரும் பணத்தில் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் ஆஸ்பத்திரி இன்சூரன்சுக்கும் நீங்களே ஒதுக்கிவிட வேண்டும்.

அயல்நாட்டுக் கம்பெனி வேலை என்றதும், தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுக்க ஆசை வரும். கொடுக்கலாம். அதற்கு முன்னால், வேலை உத்தரவை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை ஒரு தடவை படித்துவிடுங்கள். புரியாத இடம் இருந்தால், தெரிந்த வக்கீலிடமோ ஆடிட்டரிடமோ காட்டுங்கள்.

மிட்டாய்க் கடை எங்கும் ஓடிப் போகாது!